எங்கள் அப்பா பெயரை வைத்திருக்கும் லண்டன் குடும்பம்

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவே விசைத்தறி ஓட்டும் என் அப்பாவுக்கு, லண்டன் ரேடியோவில் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இணையத்தில் தேடுவீர்கள். கோட்டும் கண்ணாடியுமாகச் சில பெரிய மனிதர்கள் வருவார்கள். அதற்குப் பிறகு என் அப்பாவைப் பனியனும் லுங்கியுமாக நினைத்துப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பெயர் வந்த கதை சின்னது. தாத்தா ஒரு நூல் மில்லில் பஞ்சுப் பொதி தூக்கினார். மில் மேனேஜரின் அறையில் ஒரு ரேடியோ இருந்தது. அதில் ஒரு குறிப்பிட்ட ஆள் பேச ஆரம்பித்தால் மேனேஜர் கையைத் தூக்குவார். அறையில் இருப்பவர்கள் மூச்சுவிடக் கூடாது. மற்ற நேரமெல்லாம் ஊரையே திட்டுகிற மேனேஜர், முதலாளி போன் செய்தாலும் எடுக்காமல் வாய்பொத்தி உட்கார்ந்திருப்பாராம். பேசுவது ஆங்கிலம். தாத்தாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் மேனேஜரின் வாயை அடைக்கக்கூடிய ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. பியூனிடம் பெயரைக் கேட்டு, வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டே வீடு வந்து, அடுத்துப் பிறந்த மகனுக்கு அதை வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு ரஷ்யத் தலைவர்கள் தறி ஓட்டினார்கள். ஒரு பிரெஞ்சுச் சக்கரவர்த்தி சைக்கிளில் வந்து பால் ஊற்றினார். அவர்கள் நடுவில் அப்பாவின் பெயர் யாரையும் உறுத்தவில்லை. முழுதாகச் சொல்ல வராததால் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடவே ஓர் 'அண்ணா' போட்டுக் கூப்பிட்டார்கள்.

என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் முதல் விசாரணை நடந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை நான் எங்கே போனாலும் சொல்லிவிடுவேன், கேட்காதவர்களிடமும். தலைமையாசிரியை அப்பாவின் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கிறிஸ்டியனா?"

"இல்லீங் டீச்சர்," என்றார் அப்பா. "ரேடியோங்."

டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பெயரின் முதல் எழுத்தை என் பெயருக்கு முன்னால் போட்டு ஒரு புள்ளி வைத்தார். நான் இன்ஜினியரிங் முடிக்கும்வரை லண்டன் குடும்பம் அந்தப் புள்ளிக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போது வெளியே வந்தது. குடும்பப் பெயர் என்று கேட்டால் எழுத நம்மிடம் என்ன இருக்கிறது? எல்லோரையும் போல நானும் அப்பா பெயரை எழுதினேன். கோயம்புத்தூரில் தறிக்காரர் மகளாக விமானம் ஏறினேன். டாலஸில் இறங்கும்போது ஒரு பெரிய ஒலிபரப்புக் குடும்பத்தின் வாரிசாக இறங்கியிருக்கிறேன். எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரே ஆள், அவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதுதான் எங்கள் வீட்டு நினைப்பு. தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. படித்தவள் என்று பேர்.

என் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தறி ஓடும் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கூப்பாடுதான் போடுவார்கள். 'உப்பு எடு' என்பதையே வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவருக்குச் சொல்வது போலத்தான் சொல்லியாக வேண்டும். தறி நின்ற பிறகும் எங்கள் குரல் இறங்காது. கல்லூரி விழாவில் மைக் மக்கர் செய்தால் உடனே என்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். எனக்குப் பேச்சுத் திறமை இருப்பதால்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

டாலஸுக்குப் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்ட். ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. கூடத் தங்கியிருப்பவள் சென்னைப் பெண். நான் வீட்டுக்குப் போன் செய்ய ஆரம்பித்ததுமே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வாள். "உங்க ஊருக்கு போன் எதுக்குடி? ஜன்னலைத் திறந்து பேசு, போய்ச் சேர்ந்துடும்" என்பாள்.

அவளோடு நூலகத்துக்குப் போனபோதுதான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். எங்கள் பகுதிக்கென்று தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு குட்டி எஃப்.எம். நிலையம். ஃப்ரீவேயில் சில எக்ஸிட் தாண்டினால் அதன் குரல் மங்கி, வேறொரு நிலையத்தின் ஸ்பானிஷ் பாட்டு அதை விழுங்கிவிடும். அவர்கள் வாரம் அரை மணி நேரத்துக்குப் புது நிகழ்ச்சி ஒன்று தேடிக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களின் கதைகள். பேசுகிறவரும் புதியவராக இருந்தால் நல்லது. அன்று மாலையே பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. எழுதியவர் நிலையத்தின் தலைவி. எழுபதைத் தாண்டிய அம்மா, பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 'உங்கள் பெயரைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே வாருங்கள்' என்று எழுதியிருந்தார். சிலருடைய பெயரிலேயே ஒரு தனித்தன்மை தெரியும், என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டேன்.

நிலையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. தலைவி பிளாஸ்கிலிருந்து பால் விட்ட டீ ஊற்றிக் கொடுத்தார். டெக்ஸாஸில் பால் விட்ட டீ கொடுத்த முதல் வெள்ளைக்கார அம்மா அவர்தான். பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"குரல் வளம் குடும்பத்திலேயே உண்டோ?" என்று கேட்டார்.

"ஆமாம். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே பெரிய குரல்."

"அப்பா இன்னும் வேலை செய்கிறாரா?"

"பொழுதுக்கும். ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்கமாட்டார்."

"கேட்கமாட்டார்கள்," என்று தலைவி கண்ணை மூடித் தலையாட்டினார். "அந்தக் குடும்பத்தில் யாருமே கேட்கமாட்டார்கள்."

எங்கள் குடும்பத்தை எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டார் என்று நெகிழ்ந்துபோனேன்.

பதிவு செய்து பார்க்க மைக் முன்னால் உட்காரவைத்தார். நான் வணக்கம் சொன்னதும் கருவியின் முள் சிவப்புக்கு ஓடி அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். போனேன். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில் நாற்காலி சுவரில் இடித்தது. வேறு யாராவது இப்படிக் கத்தியிருந்தால் அன்றே அனுப்பியிருப்பார். என்னிடம், "அந்தக் காலத்துப் பயிற்சி! கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்!" என்றார். அரை மணி நேரம் எனக்குத்தான் என்றும், அடுத்த மாதம் ஊர்க்காரர்கள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வரும் திறந்த நாளில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பதாகவும் சொன்னார்.

அன்றைக்கே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"அமெரிக்கா ரேடியோவுலயா கண்ணு? முழுப் பேருஞ் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்கப்பா. எம்பேரும் உங்க பேரும் சேத்தித்தான்."

"எம்பேரு ரேடியோவுல!" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டுத் தறிக்கூடத்தைப் பார்த்து அதையே இன்னொரு முறை கத்தினார்.

அதன் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவி அனுப்பிய பழைய லண்டன் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, அவர்களைப் போலவே இழுத்துப் பேசிப் பழகினேன். பாத்திரம் கழுவும்போது கூட.

"ஏன்டி வாய்ல சூடா இட்லி போட்டுக்கிட்ட மாதிரி பேசுற?" என்றாள் அறைத்தோழி.

"இது பிராட்காஸ்டிங் வாய்ஸ். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியலைன்னா பரவால்ல. டாலஸ்ல யாருக்காவது புரியுமான்னு பாரு."

அந்தப் பதிவுகளில் பேசியவர் பெயர் அப்பா பெயராகவே இருந்ததையும் கவனித்தேன். தலைவி தாத்தாவின் ரசனையை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேனே தவிர, எப்படிக் கண்டுபிடித்திருப்பார் என்று யோசிக்கவில்லை.

திறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தலைவி போஸ்டரின் மாதிரியை எனக்கு அனுப்பினார். நான் காரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். அறைத்தோழிதான் என் போனை எடுத்து வாசித்தாள்.

"ஹேய், என்னடி இது? 'லண்டனின் புகழ்பெற்ற ஒலிபரப்புக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை இனி ஆலனில்'னு போட்டிருக்கு. உன் போட்டோ வேற. நீ எப்போ லண்டன்காரி ஆன?"

கத்தியைக் கீழே வைத்தேன். டீ, பிளாஸ்க், அப்பா வேலை செய்கிறாரா, அந்தக் காலத்துப் பயிற்சி எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முகத்தில் அறைந்தன. அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பெயரை இணையத்தில் தேடினேன். ஒரே ஆள் இல்லை. அவருக்குப் பிள்ளைகள், அவர்களும் மைக்கோடு. பேட்டி, தேர்தல், ராஜ குடும்பத்துக் கல்யாணம் எதையும் விடவில்லை. நாட்டுக்கே தெரிந்த பெயர். அதை வைத்துக்கொண்டுதான் நான் பி.எஃப். படிவமெல்லாம் நிரப்பியிருக்கிறேன்.

"சும்மா இருந்துடு," என்றாள் அவள். "நீயா பொய் சொன்ன? அந்த ஆன்ட்டிதான் தானா நினைச்சுக்கிட்டாங்க. ஷோ ஸ்டார்ட் ஆனப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

நியாயமாகத்தான் இருந்தது. சொன்னால் அரை மணி நேரம் போய்விடலாம். மூன்று குழுக்களில் மானம் போகும். அப்பா தறிக்கூடத்தில் போட்ட கூச்சலைத் திரும்ப எடுக்க முடியாது. இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை: அந்த அம்மா என் குரலைக் கேட்டு மயங்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்தபோது நான் வாயையே திறந்திருக்கவில்லை. நேர்மையால் உண்மையைச் சொல்லப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கர்வம் தாங்காமல் போனேன் என்பதுதான் சரி.

அதற்கு முன்னால் ஒரு கோழை யோசனையும் வந்தது. என் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் என்ன? அப்பாவிடம் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

"ஏனுங்கப்பா, ரேடியோவுல உங்க பேர உட்டுப்போட்டு எம்பேர மட்டுஞ் சொன்னாப் போதுமாங்?"

"ஏங்கண்ணு? அங்க எம்பேருல வேற ஆராச்சும் இருக்கறாங்களா?"

"லண்டன்ல ஒரு குடும்பத்துக்கே உங்க பேருதாங்கப்பா. அப்பன், மகன் எல்லாருக்கும்."

 மனசு நொந்துவிடுவார் என்று பயந்தேன்.

"எங்கப்பன் ஒரு ஆளு பேருன்னுதான சொன்னாரு," என்றார். "அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேரு வெச்சா, கூப்புட்டா ஆரு திரும்பிப் பாப்பாங்க?"

"அது அவங்க வழக்கமுங்கப்பா."

"என்ன வழக்கமோ. செரி, அவங்களுக்கும் நல்ல பேராத்தான் அமைஞ்சிருக்குது. இருந்துட்டுப் போவட்டும். நீ நம்ம பேரச் சொல்லு."

அந்தப் பெயருக்குத் தானே சொந்தக்காரர், லண்டன்காரர்களுக்குப் பெரிய மனதோடு இரவல் விட்டிருப்பது போலப் பேசினார். அந்தத் தெம்பில் அடுத்த நாள் நிலையத்துக்குப் போனேன்.

தலைவி போஸ்டரைக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். நான் பயிற்சி செய்திருந்த லண்டன் இழுவையிலேயே ஆரம்பித்தேன். பாதியில் அது கழன்று விழுந்து, சோமனூர் கத்தலில் முடித்தேன். மில், மேனேஜர், பியூன், புள்ளி, பாஸ்போர்ட். எல்லாவற்றையும் சொன்னேன். குடும்பப் பெயரே எங்களுக்குக் கிடையாது, அது அப்பாவின் சொந்தப் பெயர் என்பதை மட்டும் மூன்று விதமாக விளக்க வேண்டியிருந்தது.

"அப்படியானால் உறவே இல்லையா?"

"இல்லை."

"திருமணத்தின் வழியாகக்கூட?"

"இன்னும் திருமணமே ஆகவில்லை."

கீழே பல் மருத்துவமனையில் ஏதோ கருவி ஓடும் சத்தம் கேட்டது. தலைவி சட்டத்திலிருந்து போஸ்டரை மெதுவாக உருவினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். இளம் வயதில் ஒரு வருடம் இங்கிலாந்தில் படித்தாராம். குளிர் அறையில் துணைக்கு இருந்தது அந்தக் குடும்பத்துக் குரல்கள்தானாம். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நான் பெயரைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அது மற்றவர்களுக்கு நியாயம் இல்லை," என்றார். "விண்ணப்பித்த எல்லோருடைய பதிவையும் பெயர் சொல்லாமல் நிலையத்தின் குழுவுக்குப் போட்டுக் காட்டுகிறேன். அவர்கள் முடிவு செய்யட்டும்."

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். பெயரில்லாமல் கேட்டால் என்னைத் தவிர வேறு யாரைத் தேர்ந்தெடுக்க முடியும்?

கீழ்த்தளத்துப் பல் மருத்துவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கொரியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவர். அம்மா மண்தொட்டியில் முள்ளங்கி போட்ட கதையைச் சொல்லியிருந்தார். என்னைப் பற்றிக் குழு சொன்னதைத் தலைவி மறைக்காமல் வாசித்துக் காட்டினார். வேகம் அதிகம். ஒவ்வொரு வாக்கியமும் சண்டையில் முடிவது போல முடிகிறது. அரை மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும். ஆனால் கடைசியில் ஒருவர் சேர்த்திருந்தார்: ஃப்ரீவேயில் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினாலும் இந்தக் குரல் கேட்கும். அதனால் சனிக்கிழமை காலை ஊர் அறிவிப்புகளை இவர் வாசிக்கலாம். இரண்டு நிமிடம்.

ஊர் அறிவிப்பு என்றால் காணாமல்போன நாய், நூலகத்தில் பழைய புத்தக விற்பனை, சர்ச்சில் பான்கேக் காலை உணவு. யோசித்துச் சொல்கிறேன் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நான் பொருமியதைக் கேட்க அறைத்தோழி ஹெட்போனைக் கழற்றியே வைத்துவிட்டாள், அவ்வளவு ரசித்தாள்.

"அரை மணி நேரம் தலைவலி. ரெண்டு நிமிஷம் ஓகே. கரெக்டாத்தான்டி சொல்லியிருக்காங்க. நான் உன்கூட ரெண்டு வருஷமா இருக்கேன், என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

சில நாட்கள் பொறுத்து, பொருமல் அடங்கியதும் ஒன்று தோன்றியது. அந்த அரை மணி நேரம் பெயருக்குக் கிடைத்தது. இந்த இரண்டு நிமிடம் பெயர் தெரியாதவர்கள், குரலை மட்டும் கேட்டு, தலையைப் பிடித்துக்கொண்டே கொடுத்தது. கொஞ்சமாக இருந்தாலும் என்னுடையது. ஒப்புக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை. நாற்காலி சுவரில் இடிக்க உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இணையத்தில் கேட்கும் இணைப்பை அனுப்பியிருந்தேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பழுப்பு நிற நாய், இடது காது கறுப்பு, கடைசியாகப் பூங்கா அருகே. புத்தக விற்பனை. பான்கேக். இழுவை எதுவும் இல்லாமல் எங்கள் வீட்டுக் குரலிலேயே வாசித்தேன். கடைசியில் வாசித்தது யார் என்று என் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னேன். அவர் பெயரைப் பாதியில் நிறுத்தாமல், ஊரில் யாரும் சொல்லாத பின்பாதியையும் சேர்த்துச் சொன்னேன். முள் சிவப்புக்குப் போய்விட்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலைவி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

காருக்குள் ஏறுமுன் போன் அடித்தது.

"கேட்டங்கண்ணு!" என்றார் அப்பா. பின்னால் தறிச் சத்தமே இல்லை. "எம்பேரு முழுசா வந்துச்சு. தறியெல்லாம் நிறுத்திப்போட்டு, ஒருத்தரும் மூச்சுடாமக் கேட்டோம்."

 கையைத் தூக்கிய மேனேஜர் நினைவுக்கு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என் குரல் தாழ்ந்தது. "நெசமாவாங்கப்பா?" என்றேன்.

"அவரு சொல்றதக் கேக்காத கண்ணு," என்று பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. "அப்பத்தான் கரண்டு போச்சு."

"கரண்டு போனா என்ன, நின்னுதில்ல?" என்றார் அப்பா, போனைக் கையால் மூடாமலே. பிறகு என்னிடம், "அது செரி, என்ன கண்ணு சொன்ன ரேடியோவுல? எனக்கு எம்பேரு மட்டுந்தான் வெளங்குச்சு."

"ஒரு நாயக் காணமுன்னு சொன்னேங்கப்பா."

"நாயக் காணம்ங்கறதுக்கா அத்தன கோவமாப் பேசுன? ஆரையோ வெய்யறயாட்டம் இருந்துச்சு. இங்க எல்லாரும் பயந்துட்டாங்க."

"எங்கொரலே அப்படித்தானுங்கப்பா."

"ஆமா, ஆமா. நம்ம கொரலு," என்றார். கரண்டு வந்துவிட்டது போலிருக்கிறது. தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே, டெக்ஸாஸ் பார்க்கிங்கில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி, போனுக்குள்ளிருந்து கத்தினார்:

"நாயி கெடச்சாச் சொல்லு கண்ணு!"

"செரிங்கப்பா!" என்று நானும் கத்தினேன்.